குலுக்கியும் கரையாத வழக்கு

அத்தியாயம் 5

நான்கு மணிக்கு ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது. அதற்கு வழி செய்து கொடுத்த புண்ணியவான் நம்ம சின்னவன்தான்.

முப்பத்தொரு வயதாகியும் வீட்டுக்கு இளையவன் என்பதால் அவன் சின்னவன். அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் ஒரே உதவியாளன். அண்ணி யோசிப்பாள், இவன் பேசுவான். வேலையை அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தாநாள் இவன் தன் பங்கு வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டான். மருந்து ஆய்வகத்தில் அந்தப் பெண்ணின் மேசை இழுப்பறையைத் திறந்தான். போட்டி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு உள்ளே கிடந்தது. "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான்.

அந்தக் கத்தல் அண்ணியின் காதில் விழும் முன் இயக்குநரின் காதில் விழுந்தது. மூன்று வாரத்தில் ஐந்து தடவை மருந்து கெட்டுப்போய், கெடுத்தவர் யார் என்று தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர். அன்றைக்கே வேலை நீக்கக் கடிதத்தை அடித்து வைத்துவிட்டார். இன்று நான்கு மணிக்கு நிர்வாகக் குழு வருகிறது. குழுவின் முன்னால் கையெழுத்து போடுவார், கடிதத்தைக் கொடுப்பார், வாசலைக் காட்டுவார்.

"நான் ஒரு கடிதத்தைத்தான் பாத்தேன் அண்ணி. அவரு தீர்ப்பே எழுதிட்டாரு," என்றான் சின்னவன், ஆய்வகத்தின் படியேறும்போது.

"நீ பாத்தது கடிதத்தோட ஒரு பக்கம்," என்றாள் அண்ணி.

"கடிதத்துக்கு எத்தனை பக்கம் அண்ணி இருக்கும்?"

"அந்தப் பொண்ணையே கேப்போம். மணி ரெண்டாகப் போகுது. வா சீக்கிரம்."

அந்தப் பெண் விஞ்ஞானி, வேலை போகப்போகிற அன்றைக்கும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குடுவையில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். கோட்டுப் பையில் நாலு பேனா, மடித்த தாள்கள் ஒரு கத்தை. சின்னவனைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"வாங்க சார். இன்னும் திறக்காத இழுப்பறை ஏதாவது பாக்கி இருக்கா?"

சின்னவனுக்குக் காது மடல் சூடேறியது. வாய்க்கு வாய் பேசுகிறவனுக்கு வெட்கம் வந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. அவன் தரையைப் பார்த்தான்.

"அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றாள் அண்ணி.

விஞ்ஞானி அதை எடுத்துக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கணக்கு. அம்புக்குறிகள், வட்டங்கள், அடித்தல் திருத்தல்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த கடிதம் இது. நான் அந்த வேலைக்குப் போகல. பின்பக்கம் காலியா இருந்துச்சு, இந்த மருந்தோட முதல் கணக்கை அதுல போட்டேன். அதனாலதான் பத்திரமா வெச்சிருக்கேன். பின்பக்கம் காலியா இருக்கிற தாளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது."

அண்ணி கடிதத்தைத் திருப்பி மேலே இருந்த தேதியைச் சின்னவனின் மூக்கருகே காட்டினாள். "தேதியையும் பாக்கல. பின்பக்கத்தையும் பாக்கல."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணி. வாய் முந்திக்குது," என்றான் அவன். பிறகு விஞ்ஞானியிடம், "என்னை மன்னிச்சிடுங்க. நிஜமா," என்றான்.

அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இதை இயக்குநர்கிட்ட சொன்னேன். 'சரிம்மா, ஆனா கெட்டுப்போன அஞ்சு மருந்தும் உன் கையால செஞ்சதுதானே'ன்னு கேட்டாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஏன் கெட்டுப்போகுதுன்னு எனக்கே தெரியல மேடம். அதுதான் தூங்க விட மாட்டேங்குது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் அண்ணி. "அப்படியே இவனுக்கும்."

விஞ்ஞானி ஒரு புட்டியை எடுத்தாள். அடியில் கொஞ்சம் தூள். "இதுதான் மருந்து. நல்ல மருந்து, ஆனா தண்ணியில கரையாது. செங்கல் தூள் மாதிரி. முழுங்கினா வயித்துக்குள்ள போகும், சுத்திப் பாக்கும், வந்த வேலையைப் பாக்காம வெளியே போயிடும்."

"எங்க அண்ணன் ஆபீஸ் போற மாதிரி," என்றான் சின்னவன்.

அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் இருமினான்.

"அதனால பாலிமர்னு ஒண்ணை வெச்சு இதைச் சுத்தறோம்," என்று விஞ்ஞானி தொடர்ந்தாள். "பிளாஸ்டிக்குக்கு உறவுதான். ஆனா வேலை முடிஞ்சதும் உடம்புக்குள்ள தானா கரைஞ்சு போயிடற நல்ல உறவு. மருந்தும் பாலிமரும் சேந்து நானோ உருண்டை ஆகும். ஒரு தலைமுடியோட அகலத்துல ஐந்நூறு உருண்டையை வரிசையா நிக்க வைக்கலாம். அவ்வளவு பொடிசு. இப்ப பாருங்க."

குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் தாராளமாக ஊற்றிய பால் போல, லேசான நீலம் கலந்து, ஒரு துளி கசடு இல்லாமல் மினுமினுத்தது. அவள் அதைப் பார்த்த பார்வையைக் கண்டதும் இவள் இதைக் கெடுத்திருக்கவே மாட்டாள் என்று சின்னவனுக்குத் தெரிந்துவிட்டது. முந்தாநாளே முகத்தைப் பார்த்திருந்தால் இழுப்பறையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

"இது இன்னிக்குக் காலையில செஞ்சது. இது வரைக்கும் பிரச்சினையே இல்ல. ஆனா தண்ணியா இருந்தா நாள்பட நிக்காது. உறைய வெச்சு, ஈரத்தை எடுத்து, தூளாக்கணும். ஆஸ்பத்திரியில அந்தத் தூள்ல தண்ணி ஊத்திக் குலுக்கினா மறுபடியும் இதே மாதிரி பாலா ஆகணும். உறையும்போதுதான் வம்பு. ஐஸ் நாலா பக்கமும் நெருக்கும். உருண்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டாம இருக்க நடுவுல சர்க்கரை போடுவோம்."

"சண்டைக்காரங்க நடுவுல வாத்தியார் உக்காந்த மாதிரி," என்றான் சின்னவன்.

"ஒட்டிக்கிறது எப்படி சண்டை ஆகும்?"

"அப்ப காதலிக்கிறவங்க நடுவுல அத்தை உக்காந்த மாதிரி."

விஞ்ஞானியின் உதட்டோரம் கொஞ்சமாக அசைந்தது. அதற்கே சின்னவனுக்கு உயிர் வந்தது.

கெட்டுப்போன ஐந்தாவது மருந்தின் தூளை அவள் இன்னொரு புட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, குலுக்கினாள். சின்னவனும் வாங்கிக் குலுக்கினான். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

"எதையெல்லாம் சோதிச்சீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"உறைய வைக்கிற மெஷினை ஆள் வந்து கழட்டிப் பாத்துட்டாங்க. தண்ணியை மாத்தினேன். புது பாலிமர் வாங்கினேன். மருந்தை வெளியே அனுப்பிப் பரிசோதிச்சேன்."

"சர்க்கரையை?"

"அது சர்க்கரைதானே மேடம்!"

தண்ணீர் என்பது தண்ணீர்தானா என்று கேட்டுவிட்ட மாதிரி அவள் விழித்தாள். "டிரெஹலோஸ்னு ஒரு வகைச் சர்க்கரை. வெளிநாட்டுச் சரக்கு, கேட்டா வந்து சேர மூணு மாசம் ஆகும். ஈரம் படக்கூடாது, எறும்பு வரக்கூடாதுன்னு இயக்குநரே தன்னோட ரூம் அலமாரியில பூட்டி வெச்சிருக்காரு. தேவைப்படும்போது போய் எடுத்துட்டு வருவேன். முதல்ல செஞ்ச மருந்தெல்லாம் அதே பாட்டில்தான், நல்லாத்தானே வந்துச்சு."

"இந்த மூணு வாரத்துல யாராவது அதை வாயில போட்டுப் பாத்தீங்களா?"

விஞ்ஞானி சுவரைக் காட்டினாள். சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: 'ஆய்வகத்தில் எதையும் உண்ணாதே, பருகாதே, ருசிக்காதே.'

"நான் இங்க வேலைக்குச் சேந்ததுலேர்ந்து ஒரு துளியைக்கூட நாக்குல வெச்சதில்ல. இங்க யாருமே வெச்சதில்ல," என்றாள் பெருமையாக.

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்றாள் அண்ணி.

இயக்குநரின் அறை மாடியில். கதவைத் திறந்ததும் குளிர்சாதனக் காற்று முகத்தில் அடித்தது. மனிதர் கஞ்சி போட்ட சட்டை மாதிரியே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து முக்காலியில் காலி சாப்பாட்டு அடுக்கு, வீட்டிலிருந்து வந்த டீ பிளாஸ்க், பாதி குடித்த டம்ளர், ஒரு தட்டு, ஸ்பூன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தை வைப்பார்கள். இவர் தன் ரத்தப் பரிசோதனை அறிக்கையை வைத்திருந்தார்.

"வழக்கு முடிஞ்சதே மேடம்? உங்க பையன்தானே கண்டுபிடிச்சாரு!" என்றார்.

"அதுல ரெண்டு சந்தேகம் இருக்கு," என்று அண்ணி அறிக்கையைப் பார்த்தாள். "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே சார்?"

அவ்வளவுதான், இயக்குநர் மலர்ந்துவிட்டார். "பாத்தீங்களா! ஒரு வருஷமா ஏறிக்கிட்டே இருந்துச்சு. மூணே வாரத்துல எப்படி இறங்கியிருக்கு பாருங்க. டாக்டரே அசந்துட்டாரு. எல்லாம் மனக்கட்டுப்பாடு. டீயிலகூட ஒரு பொட்டு சர்க்கரை கிடையாது. என் வீட்டுக்காரி அனுப்பற டீ கஷாயம் மாதிரிதான் இருக்கும். அப்படியே குடிப்பேன்."

சின்னவன் முக்காலியைப் பார்த்தான். டம்ளர் வைத்திருந்த தட்டின் ஓரத்தில் நாலைந்து வெள்ளைப் பரல்கள் சிந்திக் கிடந்தன. சர்க்கரையே தொடாத மனிதரின் தட்டில் இது என்ன? இனிப்பு விஷயத்தில் அவன் கை மூளையைக் கேட்பதில்லை. அண்ணி அலமாரியைப் பார்க்க இயக்குநர் அந்தப் பக்கம் திரும்ப, இவன் விரலால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டான்.

வைத்தவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்த அலமாரிச் சாவி யார்கிட்ட சார் இருக்கும்?" என்று அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட மட்டும்தான். ஒரே சாவி. நான் இல்லாம ஈ, எறும்புகூட உள்ளே போக முடியாது."

அண்ணி குனிந்து அலமாரியின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். எறும்பு மருந்துக் கட்டியால் போட்ட வெள்ளைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மங்கிப்போய்த் தெரிந்தன. நிமிர்ந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் சின்னவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "அண்ணி, அந்த ஆள் பொய் சொல்றாரு. தட்டுல சர்க்கரை இருக்கு. நான் ருசி பாத்தேன்."

"அடப்பாவி! என்னன்னே தெரியாததை வாயில போட்டியா?"

"இனிப்புன்னு தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு அண்ணி, நாக்குல வெச்சதும் சில்லுன்னு இருந்துச்சு. ஐஸ் துண்டு வெச்ச மாதிரி."

"ரூம்ல ஏசி ஓடுச்சு."

"என் வாய்க்குள்ள யாரும் ஏசி மாட்டல அண்ணி."

அண்ணி அப்படியே நின்றாள். அவள் அப்படி நின்றால் ஏதோ ஒன்று விழப்போகிறது என்று அர்த்தம். வராந்தாவின் கோடியில் துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்த துப்புரவு அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இயக்குநர் ரூம் அலமாரிக்குக் கீழே எறும்புக் கோடு போடறது நீங்களா?"

"ஆமாம்மா. திங்கக்கிழமை திங்கக்கிழமை போடுவேன். படை படையா வரும், சனியன். ஆனா இந்த மூணு வாரமா எட்டிக்கூடப் பாக்கல. வாங்கின கட்டி அப்படியே கிடக்கு." அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என் கோட்டைப் பாத்தாலே இப்ப பயம் வந்துடுச்சு போல."

"இங்க எல்லாருக்கும் மூணு வாரமா எல்லாமே நல்லா நடக்குது," என்றான் சின்னவன். "மருந்தைத் தவிர."

"இன்னிக்குத்தான் நீ ஒரு உருப்படியான வார்த்தை பேசியிருக்கே," என்றாள் அண்ணி. அவன் எது அந்த வார்த்தை என்று யோசித்துக்கொண்டே நின்றான்.

அப்போது மாடிப்படியில் சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. இயக்குநரின் மனைவி சாப்பாட்டு அடுக்கை எடுத்துப்போக வந்துகொண்டிருந்தார். குள்ளமான, சிரித்த முகமுள்ள அம்மாள். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, ஜெயில் அதிகாரியிடம்கூட அவ்வளவு இருக்காது.

"கொத்து ரொம்ப கனமா இருக்கேம்மா?" என்றாள் அண்ணி.

"என்ன பண்றது? அவருக்கு மறதி ஜாஸ்தி. வண்டிச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் சாவி, அவர்கிட்ட எது இருந்தாலும் அதுக்கு ஒரு ஜோடி பண்ணி நான் வெச்சுக்குவேன். அவருக்கே தெரியாது."

அண்ணி அவரைச் சற்று ஓரமாக அழைத்துப்போய் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் முதலில் சிரித்தார், பிறகு ரகசியம் சொல்வதுபோலக் குனிந்து பதில் சொன்னார். சின்னவன் காதை எவ்வளவு நீட்டியும் கடைசி வரிதான் எட்டியது.

"நாலு மணி வரைக்கும் இருங்கம்மா," என்றாள் அண்ணி. "உங்க வீட்டுக்காரரைப் பத்தி எல்லார் முன்னாடியும் ஒரு நல்ல விஷயம் சொல்லப் போறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். விஞ்ஞானி முறைப்படி போய் இயக்குநரிடம் கேட்டு, பாட்டிலிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து வந்தாள். காலையில் செய்த பாலை இரண்டு சின்னப் பிளாஸ்டிக் குழாய்களில் ஊற்றினாள். சிவப்பு மூடிக் குழாயில் பாட்டில் சர்க்கரை.

"நீல மூடிக்கு நிஜச் சர்க்கரை வேணும்," என்றாள் அண்ணி. "டீயில போடற சாதாரணச் சர்க்கரை போதுமா?"

"வெளிநாட்டுச் சரக்கு அளவுக்கு வராது. ஆனா ஒட்டாம காப்பாத்தும்."

சின்னவன் வாசலுக்கு ஓடினான். வாட்ச்மேன் கூண்டுக்குள் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் சர்க்கரை குடுங்க."

"எத்தனை ஸ்பூன்?"

"ஒரு பொண்ணோட வேலையைக் காப்பாத்தணும். அதுக்கு எத்தனை ஸ்பூன் ஆகும்?"

வாட்ச்மேன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு டப்பாவையே தூக்கிக் கொடுத்தார்.

இரண்டு குழாய்களும் உறைபெட்டிக்குள் போயின. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சின்னவன் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இரண்டும் திரிந்துபோனால் என்ன செய்வது என்று ஒரே பயம். தான் கத்திய ஒரு சொல்லுக்காக ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டு போவதை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

விஞ்ஞானி அவன் மடியில் ஒரு தடித்த நோட்டை வைத்தாள்.

"என்னங்க இது?"

"விபத்துப் பதிவேடு. ஆய்வகப் பொருளை வாயில போட்டீங்கன்னு மேடம் சொன்னாங்க. நாள், நேரம், என்ன பொருள், எப்படி இருந்துச்சு, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க வேலையே இருக்குமான்னு தெரியல..."

"அது வரைக்கும் வேலையில இருக்கேன்ல? எழுதுங்க."

அவன் எழுதினான். 'எப்படி இருந்தது' என்ற கட்டத்தில் 'இனிப்பு, சில்லென்று' என்று எழுதினான்.

நான்கு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வெள்ளைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு மூதாட்டி, எதற்கும் சட்டென்று சிரிக்காதவர். இயக்குநர் பத்து நிமிடம் சதி, துரோகம், நம்பிக்கை என்று பேசிவிட்டுக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் அண்ணி. "மையை வீணாக்காதீங்க."

உறைந்துபோன இரண்டு குழாய்களையும் விஞ்ஞானி எல்லார் முன்னாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினாள். ஐஸ் மெல்ல உருகியது. முதலில் நீல மூடியைத் தூக்கிக் காட்டினாள். நீர்த்த பால், லேசான நீலம், ஒரு துணுக்கு இல்லை. சிவப்பு மூடியைத் தூக்கினாள். திரிந்துபோய்க் கிடந்தது.

சின்னவன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"ரெண்டுலயும் ஒரே மருந்து, ஒரே பாலிமர், ஒரே கை," என்றாள் அண்ணி. "வித்தியாசம் சர்க்கரை மட்டும்தான். நீலத்துல உங்க வாட்ச்மேனோட டீச் சர்க்கரை. சிவப்புல இயக்குநர் அலமாரிப் பாட்டில். அந்தப் பாட்டில்ல இருக்கிறது சர்க்கரையே இல்ல. சர்க்கரை நோய்க்காரங்களுக்குன்னு விக்கிற இனிப்புப் பொடி. நாக்குல வெச்சா சில்லுங்கும். உடம்புல சர்க்கரையை ஏத்தாது. எறும்புக்கும் பிடிக்கல. ஐஸ் நெருக்கும்போது நடுவுல நின்னு காப்பாத்தவும் தெரியல. இங்க இருக்கிறவங்க லட்சக்கணக்குல மெஷின் வெச்சு எல்லாத்தையும் சோதிச்சாங்க. நக்கிப் பாக்க மட்டும் சட்டம் இடம் குடுக்கல."

"பாத்தீங்களா, சதி!" என்று இயக்குநர் எழுந்துவிட்டார். "யாரோ பாட்டில்ல இருந்ததை மாத்தியிருக்காங்க! நான் அப்பவே சொன்னேன். அலமாரியைத் திறந்தது யாருன்னு இப்பவே தெரியணும். ஏன்னா சாவி இருக்கிறது என்கிட்ட மட்டும்..."

பேச்சு பாதியில் நின்றது. மூன்று பேர் கொண்ட குழு மொத்தமாக அவரைத் திரும்பிப் பார்த்தது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"நானா? நான் எதுக்கு... சத்தியமா நான் இல்ல!"

"அவர் இல்லங்க," என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான் மாத்தினேன்."

சாப்பாட்டு அடுக்கும் சாவிக் கொத்துமாக இயக்குநரின் மனைவி உள்ளே வந்தார். அவர் முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"சர்க்கரை போடாமதான் டீ அனுப்பறேன். ஆனா திரும்பி வர்ற டம்ளர் அடியில பிசுபிசுன்னு தித்திப்பு. இருபத்தாறு வருஷமா இவர் குடிச்ச டம்ளரைக் கழுவறவளுக்கு இது தெரியாதா? ஒரு நாள் இவர் மீட்டிங்ல இருக்கும்போது அலமாரியைத் திறந்தேன். பெரிய பாட்டில், வாயில நுழையாத ஒரு பேரு ஒட்டியிருந்துச்சு. ஒரு துளி எடுத்து வாயில போட்டேன். பாத்தா சர்க்கரை! மனுஷன் எவ்வளவு தந்திரமா மருந்து லேபிள் ஒட்டி ஒளிச்சு வெச்சிருக்காருன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்படியே கொட்டிட்டு, கடையில பொடி வாங்கிட்டு வந்து அதே அளவுக்கு நெரப்பிட்டேன்."

"கொட்டினீங்களா? எங்கம்மா?" என்று விஞ்ஞானி ஈனக் குரலில் கேட்டாள்.

"கை கழுவற தொட்டியிலதான்."

விஞ்ஞானி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதம் கடல் கடந்து வந்த சர்க்கரை அது.

இயக்குநருக்கு இப்போது வீரம் வந்துவிட்டது. "அடியே, அது நான் ஒளிச்சு வெச்சது இல்லடி! நிஜமாவே ஆய்வகப் பாட்டில்! மருந்துக்குப் போடற சர்க்கரை! அதைத் தொடவே கூடாது!"

"ஓ," என்றார் மனைவி, நிதானமாக. "அப்ப நீங்க எதுக்குத் தொட்டீங்க?"

இயக்குநர் திருதிருவென்று விழித்தார். கையிலிருந்த பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் மூடியில்லாமல் சொருகினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நீல மை மெல்லப் பரவியது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மூணு வாரமா ரத்தத்துல சர்க்கரை இறங்கினதுக்குக் காரணம், இவரோட மனக்கட்டுப்பாடு..."

"நான் போட்ட பொடிங்க," என்றார் மனைவி. "இந்த மேடம் சொன்ன நல்ல விஷயம் அதுதான்."

சட்டென்று சிரிக்காத மூதாட்டி சிரித்துவிட்டார். கூட வந்த இரண்டு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சின்னவன் சிரிக்கவில்லை. அவன் விஞ்ஞானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீல மூடிக் குழாயைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றார் மனைவி. இயக்குநர் கேட்டார். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. மனைவி பார்த்த பார்வையில் இரண்டாம் தடவை எல்லாருக்கும் கேட்டது.

"புதுச் சர்க்கரை வர்ற வரைக்கும்?" என்று குழுத் தலைவர் விஞ்ஞானியிடம் கேட்டார்.

"சாதாரணச் சர்க்கரையை வெச்சே வேலையை ஆரம்பிக்கறேன் மேடம். இன்னிக்கே. ஆனா இனிமே சர்க்கரை என் ஆய்வகத்துலதான் இருக்கணும். சாவியும் என்கிட்டதான்."

"அந்தச் சாவிக்கு நான் ஜோடி பண்ண மாட்டேம்மா, கவலைப்படாதே," என்றார் இயக்குநரின் மனைவி.

எல்லாரும் கலைந்தபோது விஞ்ஞானி சின்னவனிடம் வந்தாள். "உங்க வாயாலதான் எனக்கு இவ்வளவு வம்பும் வந்துச்சு."

"ஆமாங்க," என்றான் அவன்.

"அதே வாயாலதான் போச்சு. கணக்கு சரி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா பதிவேட்டுல எழுதினதை அடிக்க மாட்டேன். விதின்னா விதிதான்," என்றாள்.

சின்னவன் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். அண்ணி அதைப் பார்த்து ரசித்தாள்.

மேசைமேல் அந்த வேலை நீக்கக் கடிதம் கையெழுத்தாகாமல் கிடந்தது. இயக்குநர் அதைக் கிழிக்கக் கை நீட்டினார். "கிழிக்காதீங்க சார்," என்று விஞ்ஞானி சட்டென்று எடுத்துக்கொண்டாள். கவிழ்த்துப் பார்த்தாள். பின்பக்கம் சுத்தமாக, காலியாக இருந்தது. கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி, ஆய்வக அலமாரியின் கதவில் ஒட்டினாள்.

'இது மருந்துக்கான சர்க்கரை. டீக்கு அல்ல. இயக்குநருக்கும் அல்ல.'

வாட்ச்மேனின் சர்க்கரை டப்பா உள்ளே போய்ச் சாவி திரும்புவதற்குள், கதவின் அடியில் ஒரு எறும்பு வந்து நின்று மோப்பம் பிடித்தது. துப்புரவு அக்கா அலுத்துக்கொண்டே இடுப்பிலிருந்து மருந்துக் கட்டியை எடுக்க, விஞ்ஞானி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா. அது ஒண்ணு மட்டும் ஒரு தடவை உள்ளே போய்ப் பாத்துட்டு வந்து சரின்னு சொல்லட்டும்."